கோளத்துள் கோளம்: மறைந்திருக்கும் மின்னேற்றத்தைக் காணும் முறை

பூட்டிய பெட்டியைத் திறவாமலே உள்ளிருப்பதன் அளவைக் கூறல் இயலுமோ என மாணவர் வினவுவர். ஏனைப் பொருள்கட்கு எவ்வாறாயினும், மின்னேற்றத்திற்கு அஃது இயலும்.

மூடிய பரப்பொன்றினூடாகச் செல்லும் மின்பாயம் அதனுள் அடங்கிய மொத்த ஏற்றத்தையே பொறுத்தது என்பது கௌசின் தேற்றம். ஆதலின், ஒரே மையமுடைய கோளங்களில் ஏற்றம் சீராகப் பரவியிருப்பின், ஓரிடத்து மின்புலச் செறிவை மையத்திலிருந்து அவ்விடத்தின் தூரத்தினது வர்க்கத்தாற் பெருக்கி, 9×10⁹ ஆல் வகுக்க, அத்தூரத்துள் அடங்கிய மொத்த ஏற்றம் பெறப்படும். புலம் வெளிநோக்கின் ஏற்றம் நேர், உள்நோக்கின் மறை.

உதாரணமொன்று காண்போம். 5 சதமமீற்றர் ஆரையுள்ள உலோகக் கோளத்தைச் சூழ்ந்து, உள்ளாரை 15, வெளியாரை 20 சதமமீற்றர் கொண்ட உலோக ஓடொன்று உளது. மையத்திலிருந்து 10 சதமமீற்றரில் புலம் வெளிநோக்கி, கூலோமுக்கு 9000 நியூட்டன். 30 சதமமீற்றரில் உள்நோக்கி 2000. முதலளவையால் உட்கோளத்தின் ஏற்றம் +10 நானோகூலோம் ஆகும். இரண்டாவது அளவை −20 நானோகூலோம் தரும்.

மாணவர் பலர் இடறுவது இங்கேதான். −20 என்பது ஓட்டின் ஏற்றமன்று, இரண்டினதும் கூட்டுத்தொகை. எனவே ஓட்டின் ஏற்றம் −30 நானோகூலோம். ஓட்டின் உலோகத்துள் புலம் பூச்சியமாதலின், அதன் உட்பரப்பில் −10 உம், வெளிப்பரப்பில் எஞ்சிய −20 உம் தங்கும். வெளியே மட்டும் அளந்தவன் உள்ளே நேரேற்றம் உண்டென்பதை ஒருபோதும் அறியான்.

இம்முறை முழுவதும் நேர்மாறு வர்க்க விதியிலேயே தங்கியுள்ளது. அவ்விதியை நிறுவியதும் கோளத்துள் கோளமே. 1773 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் ஹென்றி கவெண்டிஷ் ஓர் உருண்டையை இரு அரைக்கோள ஓடுகளால் மூடி, இரண்டையும் கம்பியால் இணைத்து, வெளியோட்டிற்கு மின்னூட்டினார். பின்னர் இணைப்பை நீக்கி, ஓடுகளையும் அகற்றி உள்ளுருண்டையைச் சோதிக்க, அதில் ஏற்றம் காணப்படவில்லை. தூரத்தின் அடுக்கு 2 இலிருந்து 1/50 பங்கிற்கு மேல் வேறுபடாதென அவர் முடிவுகண்டார்.

ஆயினும் அவர் அதனை வெளியிட்டாரல்லர். 1785 இல் கூலோம் அறிவித்தமையால் விதி கூலோமின் பெயரையே பெற்றது. கவெண்டிஷ் மறைந்து ஏறத்தாழ எழுபதாண்டு கழிந்த பின்னரே, 1879 இல், மாக்ஸ்வெல் அவருடைய குறிப்புகளைப் பதிப்பித்தார்.

மாணவர்காள்! எத்தூரத்தில் அளந்தீர், அத்தூரத்துள் எவையெவை அடங்கின என்பதை முதலில் எழுதுக. கண்டதை ஏட்டினுள் மறைத்து வையாது, பிறர்க்கும் உரைப்பீராக.