ஸ்போடுமீனா, பெட்டலைட்டா, யூக்ரிப்டைட்டா?

லித்தியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் ஆகிய நான்கும் சேர்ந்து உருவாகும் கனிமங்களில் மூன்று முதன்மையானவை: யூக்ரிப்டைட், ஸ்போடுமீன், பெட்டலைட். மூன்றிலும் ஒரு லித்தியம் அணுவுக்கு ஓர் அலுமினியம் அணு உண்டு. சிலிக்கான் மட்டும் யூக்ரிப்டைட்டில் ஒன்று, ஸ்போடுமீனில் இரண்டு, பெட்டலைட்டில் நான்கு. தூய யூக்ரிப்டைட்டில் லித்தியம் ஆக்சைடு 11.9 விழுக்காடு; ஸ்போடுமீனில் 8; பெட்டலைட்டில் 4.9. இந்த விழுக்காட்டை மட்டும் பார்த்துத் தாதுவைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். எந்த அழுத்தத்தில், எந்த வெப்பநிலையில் எது நிலைத்து நிற்கிறது என்பதில்தான் தேர்வுக்கான விடை இருக்கிறது.

இவை கிடைக்கும் பெக்மடைட் பாறையில் குவார்ட்ஸ் ஏறக்குறைய எப்போதும் உடனிருக்கும். எனவே மூன்றையும் குவார்ட்ஸோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும். ஒரு மோல் பெட்டலைட்டின் கனஅளவு சுமார் 127 கன சென்டிமீட்டர். அதே அணுக்கள் ஸ்போடுமீனாகவும் குவார்ட்ஸாகவும் பிரிந்து அடுக்கப்பட்டால் சுமார் 104 போதும். அழுத்தம் எப்போதும் குறைந்த இடம் பிடிக்கும் அமைப்புக்கே சாதகமானது. ஆகவே ஆழத்தில் ஸ்போடுமீன் வெல்கிறது. வெப்பமோ என்ட்ரோப்பி மிகுந்த, நெகிழ்வான அமைப்புக்குச் சாதகமானது. அங்கே பெட்டலைட் வெல்கிறது. இரண்டுக்கும் இடையிலான எல்லைக்கோடு அதனால் மேல்நோக்கிச் சாய்கிறது: வெப்பம் கூடக் கூட, பெட்டலைட்டை ஸ்போடுமீனாக மாற்றக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. யூக்ரிப்டைட்டுக்கும் குவார்ட்ஸுக்கும் ஒன்றாக நிலைத்திருக்கக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது, அழுத்தமும் வெப்பமும் குறைந்த மூலை மட்டுமே. புவியியலாளர் டேவிட் லண்டன் 1984இல் வெளியிட்ட சோதனை வரைபடத்தில் மூன்றின் எல்லைகளும் சுமார் 1.6 கிலோபார், 320 டிகிரி செல்சியஸ் அருகே சந்திக்கின்றன.

தாதுப்படிவை மதிப்பிடுபவருக்கு இந்த வரைபடம் நேரடியாக உதவுகிறது. பாறைக்குழம்பிலிருந்து பெட்டலைட்டாகப் படிந்த ஒன்று, அழுத்தம் அதிகம் குறையாமல் குளிர்ந்தால் எல்லையைக் கடந்து ஸ்போடுமீனும் குவார்ட்ஸும் பின்னிப் பிணைந்த கலவையாகிவிடும். கனடாவின் மானிடோபா மாகாணத்தில் உள்ள டான்கோ சுரங்கம் இதற்குப் பேர்பெற்றது. அங்கே பழைய பெட்டலைட் படிகத்தின் வெளிவடிவம் அப்படியே இருக்க, உள்ளே புதிய கனிமங்கள் நிறைந்திருக்கின்றன. இந்தக் கலவையில் இரும்பு மிகக் குறைவு, அது பெரிய நன்மை. ஆனால் இழைகள் நுண்மையானவை என்பதால் ஸ்போடுமீனை விடுவிக்க நன்றாக அரைக்க வேண்டும். நேரடியாகப் பெரும்படிகமாக வளர்ந்த ஸ்போடுமீனுக்கு அந்தச் செலவு இல்லை. ஆகவே ஆய்வறிக்கையில் 'ஸ்போடுமீன்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. அது எவ்வழி வந்தது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

பேட்டரிக்கான லித்தியம் உப்பே நோக்கமென்றால் ஸ்போடுமீன்தான் முதல் தேர்வு. ஆழத்தின் அழுத்தம் அதற்குத் தந்த நெருக்கமான அமைப்பால் அதன் அடர்த்தி 3.2 வரை இருக்கிறது. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் 2.6 அளவில் நிற்பதால் கனமான திரவக் கலவையில் மூழ்கவைத்தே பெருமளவு பிரித்துவிடலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் போன்ற சுரங்கங்களுக்கு இது பெரிய பலம். பெட்டலைட்டின் அடர்த்தி 2.4, உடன் இருக்கும் கனிமங்களிலிருந்து பெரிதாக வேறுபடாததால் பிரிப்பது கடினம். ஒரே அளவு லித்தியத்துக்குக் கையாள வேண்டிய தாதுவும் அதிகம்.

ஆனால் ஸ்போடுமீனின் இறுக்கத்துக்கு ஒரு விலை உண்டு. இயற்கையில் கிடைக்கும் ஆல்ஃபா வடிவத்தைக் கந்தக அமிலம் ஏறக்குறையத் தொடுவதே இல்லை. அதனால் முதலில் சூளையில் 1,050 டிகிரி அளவுக்குச் சுட்டு, இடைவெளி மிகுந்த பீட்டா வடிவமாக்குகிறார்கள். பிறகு 250 டிகிரியில் அமிலத்தோடு வறுக்கும்போது லித்தியம் எளிதில் வெளியேறும். சாதாரண அழுத்தத்தில் பீட்டா வடிவம் நிலைபெறத் தொடங்கும் வெப்பநிலை இதைவிட வெகு கீழே இருக்கிறது. இத்தனை உயரச் சுடுவது, திடப்பொருளில் அணுக்கள் இடம் மாறும் வேகம் மிகவும் குறைவு என்பதால்தான். அதே மந்தத்தால் ஆறிய பிறகும் பீட்டா வடிவம் ஆல்ஃபாவுக்குத் திரும்புவதில்லை. தொழில் முழுவதும் அந்தத் திரும்பாமையை நம்பியே நடக்கிறது.

பீங்கான், மட்பாண்டத் தொழிலில் தேர்வு தலைகீழாகிறது. ஆல்ஃபா ஸ்போடுமீன் பீட்டாவாக மாறும்போது கனஅளவு சுமார் 30 விழுக்காடு கூடும். சுடாத ஸ்போடுமீன் பொடியைக் களிமண்ணில் கலந்து சூளையில் வைத்தால் பாண்டம் உள்ளிருந்தே வெடித்துப் பாழாகும். முன்கூட்டியே சுட்ட பொடி வேண்டும். பெட்டலைட்டின் அடர்த்தி பீட்டா ஸ்போடுமீனின் அடர்த்திக்கு நெருக்கமானது. அது 1,000 டிகிரிக்கு மேல் மாறும்போதும் பெரிய அதிர்வு இல்லை, நேரடியாகவே கலக்கலாம். கிடைக்கும் பாண்டம் வெப்பத்தில் மிகக் குறைவாகவே விரியும், அடுப்புத் தீயில் நேராக வைத்தாலும் விரிசல் விடாது. ஜப்பானின் யொக்காய்ச்சி நகரத்துப் பாங்கோ மண்சட்டிகளுக்குப் பெட்டலைட் சேர்ப்பது இதற்காகவே. விலை கூடினாலும் தீயில் வைக்கும் பாண்டத்துக்குப் பெட்டலைட்டையே தேர்வது நல்லது.

யூக்ரிப்டைட் தாதுவாக அரிது, எனவே சுரங்கத் தேர்வில் அதற்கு இடமில்லை. அதன் பீட்டா அமைப்பு வேறு வழியில் பயன்படுகிறது: சூடாகும்போது அது ஓர் அச்சில் சுருங்கும். கண்ணாடிப் பீங்கான் தயாரிப்பவர்கள் இதே குடும்பத்து நுண்படிகங்களைக் கண்ணாடிக்குள் வளர்த்து, கண்ணாடியின் விரிவைப் படிகத்தின் சுருக்கத்தால் ஈடுகட்டுகிறார்கள். தொலைநோக்கி ஆடிகளுக்கான ஜெரோடுர் அவ்வாறு உருவானதே. இங்கும் வெப்ப எல்லையைக் கவனித்தாக வேண்டும். ஒளி ஊடுருவும் பீட்டா குவார்ட்ஸ் வகை நுண்படிகங்கள் 900 டிகிரியைத் தாண்டினால் பீட்டா ஸ்போடுமீன் வகையாக மாறி வெண்மையாகிவிடும். ஒளி ஊடுருவ வேண்டிய அடுப்புத் தட்டுக்கு முதல் வகையும், வெண்ணிறச் சமையல் பாத்திரத்துக்கு இரண்டாம் வகையும் பொருந்தும்.