உப்பளக் கரையில் கரண்ட் பில் குறைய

மரக்காணம் பக்கம் மழை வந்தால் உப்பள வேலை நின்றுவிடும். கரண்ட் பில் நிற்காது. முதலில் ஃபேனைப் பாருங்கள். பழைய ஃபேன் சுமார் 75 வாட், மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட். தினம் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட் எங்கே, 29 யூனிட் எங்கே! முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சின்ன வீட்டுக்கு இது பெரிய லாபம். விலை கூடுதல்தான், எல்லோரும் படுக்கும் அறைக்கு மட்டும் மாற்றினால் போதும்.

கரண்டோடு கேஸ் செலவையும் பாருங்கள். உப்புக்காற்றில் அடுப்பின் பர்னர் துருவேறி ஓட்டைகள் அடைபடும். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் கேஸ் வீண். அடுப்பு ஆறியதும் ஓட்டைகளை ஊசியால் குத்தித் துடையுங்கள்.

வீட்டுக்குள் வெயில் சூடு குறைய, மொட்டைமாடிக்குச் சித்திரைக்கு முன்பே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.