ஆழ்கடலில் இயந்திரக் கண்

குலசேகரன்பட்டினக் கரையைத் தழுவிக் கிடப்பது மன்னார் வளைகுடா. முத்துக்குளிப்போர் மூச்சடக்கி மூழ்கிய கடல் அது. அவர்கள் பற்றி இறங்கிய கயிற்றின் மறுமுனை, தோணியில் இருந்தவர் கையில் இருந்தது. மூச்சடக்கி எட்ட இயலாத ஆழத்திற்கு இன்று ஆளில்லா ஊர்திகள் இறங்குகின்றன.

6,000 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 600 மடங்கு. அங்குக் கதிரவன் ஒளி இல்லை; வானொலி அலையும் எட்டாது. எனவே, கப்பலையும் ஊர்தியையும் இணைக்கும் வடமே உயிர்நாடியாகிறது. அதன்வழி மின்சாரமும் கட்டளையும் கீழிறங்க, படக்கருவி கண்ட காட்சி மேலேறி வரும். ஒலியலை எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டுக் கடல்தரையின் மேடுபள்ளங்களை வரைபடமாக்குவர்.

சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ரோசப் 6000 ஊர்தி, 2010ஆம் ஆண்டில் நடு இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழத்தை எட்டியது. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு செறிந்த உருண்டைகள் அக்கடல்தரையில் சிதறிக் கிடக்கின்றன. அவை வளர்வதோ பத்து இலட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர். அவற்றை அள்ளும்போது கலங்கும் சேறு, அங்கு வாழும் உயிரினங்களை மூடிவிடக்கூடும். எதை எடுக்கலாம், எதைத் தொடலாகாது என்னும் இரண்டையும் காட்டுவதே நல்ல வரைபடம்.

கற்பவை கற்றபின்...
முத்துக்குளிப்போரின் கயிற்றையும் ஊர்தியின் வடத்தையும் ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.