முழங்கை மூட்டு விலகி முறிந்தால்...

கையை ஊன்றி விழும்போது சில சமயம் அடியின் வேகம் மேலேறி முழங்கை மூட்டையே விலக்கிவிடுகிறது. கூடவே ஆரை எலும்பின் தலையும், அல்னா எலும்பின் கொரனாய்டு என்னும் முன்நுனியும் முறிந்தால் மூன்று சேதங்கள் ஒன்றுசேர்கின்றன. இதற்கு 1996இல் அமெரிக்க மருத்துவர் ஹாட்ச்கிஸ் 'பயங்கர மும்மை' எனப் பொருள்படும் பெயரை வைத்தார்.

கட்டுப் போட்டால் போதாதா?

முழங்கை ஒரு கீல் போன்றது. மேற்கை எலும்பை அல்னா கொக்கிபோல் பற்றியிருக்கிறது. கொரனாய்டு முறிந்தால் முன்கை பின்னோக்கி நழுவும். ஆரை எலும்பின் தலை வெளிப்புறத் தூண்; லிகமென்ட் என்னும் இணைப்பு நார்கள் பக்கவாட்டுக் கயிறுகள். மூன்றும் கெட்டால் மூட்டு நிற்காது. நெடுநாள் கட்டிலேயே வைத்தாலோ மூட்டு இறுகிவிடும். ஆகவே, கையைச் சீக்கிரம் அசைக்கும் அளவுக்கு மூட்டை உறுதியாக்குவதே அறுவை சிகிச்சையின் நோக்கம்.

சிகிச்சை முறை

முதலில் நாடியையும் விரல்களின் உணர்ச்சியையும் பார்த்து, மயக்க மருந்து கொடுத்து மூட்டை இடத்தில் சேர்ப்பார்கள். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுத்தபின் அறுவை சிகிச்சை. பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே என்பதே வரிசை. முதலில் கொரனாய்டைப் பொருத்துவார்கள். பின்னர் ஆரையின் தலையை ஸ்குரூ கொண்டு சேர்ப்பார்கள். நொறுங்கியிருந்தால் உலோகத் தலை வைப்பார்கள். கடைசியில் வெளிப்புற லிகமென்டை எலும்போடு தைப்பார்கள்.

அதன்பின்?

பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் பயிற்சி தொடங்கும். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவுக்கு நீங்களே மடக்கி நீட்ட வேண்டும். மருத்துவர் அனுமதிக்கும்வரை பாரம் தூக்கக் கூடாது. கையை ஊன்றி எழவும் கூடாது. எண்ணெய் தேய்த்து நீவுவதும், பிறர் பிடித்து இழுப்பதும் வேண்டாம். தசைக்குள் புது எலும்பு வளர்ந்து மூட்டைப் பூட்டிவிடலாம். ஊருக்குப் போய்க் கட்டுப் போடலாம் என்று ரயிலேறி நாளைக் கடத்தாதீர்கள்.

விரல்கள் மரத்தாலோ, குளிர்ந்து வெளுத்தாலோ, வலி தாங்க முடியாமல் ஏறினாலோ, காயத்தில் சீழ் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கை முன்போல் முழுதாக நீளாமல் போகலாம். அதற்காக மனம் தளர வேண்டாம். 30 டிகிரியிலிருந்து 130 டிகிரிவரை மடங்கினால் அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம் என்று மோரியும் அவர் குழுவினரும் 1981இல் அளந்து கண்டார்கள். அந்த அளவை எட்ட மருத்துவரின் திறமையோடு உங்கள் தினசரிப் பயிற்சியும் வேண்டும்.