கடன் வாங்கியவர் இறந்துவிட்டால்...

புரோநோட்டு எழுதிக் கொடுத்தவர் இறந்துபோனாலும் கடன் தீர்ந்துவிடாது. அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு அளவுக்கு வசூலிக்கலாம். பிள்ளைகளின் சொந்தச் சம்பாத்தியத்தில் கைவைக்க முடியாது. துக்க வீட்டில் போய் அவர்களை மிரட்டுவது பெரிய அநியாயம்.

இறந்தவர் பெயரிலேயே புதிதாக வழக்குப் போட்டால் செல்லாது. வாரிசுகள் மீதுதான் போட வேண்டும். வாரிசு என்று யாரும் தெரியவில்லையா? அவருடைய சொத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு வாடகை வசூலிப்பவரையும் சட்டம் பிரதிநிதியாகவே பார்க்கிறது; அவர்மீது வழக்குத் தொடுக்கலாம். அப்படியும் ஆள் இல்லையென்றால், சொத்தை நிர்வகிக்கும் உரிமை கேட்டு, கடன் கொடுத்தவரே 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனுச் செய்ய இடமுண்டு. பலருக்குத் தெரியாத வழி இது. வக்கீலிடம் நீங்களே கேளுங்கள்.

வழக்கு நடக்கும்போது பிரதிவாதி இறந்தால், வாரிசுகளைச் சேர்க்க 90 நாளுக்குள் மனு போடுங்கள். வாரிசே இல்லாதபோது, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 22-ஆம் கட்டளை, 4ஏ விதிப்படி, சொத்தின் சார்பில் ஒருவரை நியமிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

புரோநோட்டுக்கான 3 ஆண்டுக் கெடு ஓடத் தொடங்கிய பிறகு சாவு நேர்ந்தால், அது நிற்காது.