அறிக்கைச் செயலி: யாருக்கு எதைக் காட்டுவது?



காலாண்டு உதவிக் கணக்கை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் வழக்கத்தை ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். கணக்கை மறைக்கிறோமோ என்ற ஐயமும் சிலருக்கு இருக்கிறது. அந்த ஐயத்தில் தவறில்லை. பொதுப்பணத்தைக் கையாள்பவர்களைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். பதிலை ஒரு பாடமாகவே இங்கு எழுதுகிறோம். பிற ஜமாஅத்துகளிலும் பைத்துல்மால்களிலும் கணக்கு எழுதும் சகோதரர்களுக்கும் உதவக்கூடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். உதவி பெற்றோர் பட்டியலில் பெயர்களை நீக்கிவிட்டு, ஊர் வாரியாகவும் உதவி வகை வாரியாகவும் எண்ணிக்கையை மட்டும் போட்டு அனுப்பினோம். பெயர் இல்லாததால் யாருக்கும் சங்கடம் வராது என்று நம்பினோம். மேல்மலைச் சிற்றூர் ஒன்றுக்கு நேராக, ஒரு வகை உதவியின் கீழ், '1' என்று இருந்தது. எந்த ஊர், எந்த வகை என்று இங்கே எழுதினால் அதே தவற்றை இரண்டாம் முறை செய்தவர்களாவோம். அடுத்த வாரம் அந்தச் சகோதரி, இனி உதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். காரணம் கேட்கப் போனபோது அவர் சொன்னது: "பேரு போடலைன்னுதான் சொன்னீங்க பாய். எங்க ஊருல ஒண்ணுன்னா அது நான்தானே? பஸ்ஸுல வச்சே கேக்குறாங்க, பணம் வந்துச்சாமேன்னு."

எங்களிடம் பதில் இல்லை.

இந்தத் தவறு எங்களோடு தொடங்கியதல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1990களில், அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர், முகவரி நீக்கி ஆராய்ச்சிக்கு வழங்கினார்கள். லட்டான்யா ஸ்வீனி என்ற ஆய்வு மாணவி 20 டாலருக்குக் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். மாநில ஆளுநராக இருந்த வில்லியம் வெல்டின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அந்த மூவரில் ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒருவரே. ஆக, ஆளுநரின் மருத்துவப் பதிவு எது என்று தெரிந்துவிட்டது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றைக் கொண்டே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று பிறகு 2000ஆம் ஆண்டில் அவர் கணக்கிட்டுக் காட்டினார். அங்கே வாக்காளர் பட்டியல் தேவைப்பட்டது. நம் மேல்மலையில் அதுவும் வேண்டாம். ஊரே ஒருவரையொருவர் அறியும்.

எண்ணிக்கை சிறியதாக இருந்தால் வெளியிடக் கூடாது என்ற விதி பல நாடுகளின் புள்ளிவிவரத் துறைகளில் நெடுங்காலமாக உண்டு. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் 10க்கும் குறைவான அல்லது 10 ஆன எண்ணிக்கையை அப்படியே காட்டுவதில்லை. நமது நிர்வாகக் குழு 5 என்று எல்லை வைத்தது. ஐந்துக்குக் கீழ் இருந்தால் பொது அறிக்கையில் வராது.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் உடனே பிடித்துவிட்டார். மொத்தம் 23 என்று கீழே போட்டிருக்கிறீர்கள், மற்ற ஊர்களைக் கூட்டினால் 22 வருகிறது, மறைத்த கட்டத்தில் என்ன இருக்கும் என்று கேட்டார். மாதாமாதம் வெளியிட்டால் இன்னொரு வழியும் இருக்கிறது. சென்ற மாதம் 6, இந்த மாதம் 7 என்றால், ஏழாமவர் யார் என்பதை ஊர் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடும். ஆகவே கட்டத்தை மறைப்பதைவிடக் கட்டங்களைச் சேர்ப்பதே சரி என்று முடிவு செய்தோம். கவுஞ்சி, பூண்டி, போளூர், கிளாவரை ஆகிய ஊர்களை 'மேல்மலை' என்று ஒரே வரியாக்கினோம். மாத அறிக்கையையும் காலாண்டு அறிக்கையாக மாற்றினோம்.

இங்கேதான் இரண்டாவது சிக்கல் வந்தது. இந்தப் பாடத்தின் மையமும் அதுதான்.

ஊர்களைச் சேர்த்தபின் அறிக்கை பாதுகாப்பாக இருந்தது. ஆனால் போளூர்க்காரர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் காத்திருக்கிறார்கள் என்பது அதில் தெரியவில்லை. உண்மையில் அதற்கு முன்பும் தெரிந்ததில்லை. விண்ணப்பம் கொடைக்கானல் அலுவலகத்தில் பதிவான நாளிலிருந்துதான் நாட்களை எண்ணிவந்தோம். போளூரில் எழுதப்பட்ட விண்ணப்பம், தொண்டர் அடுத்த முறை பேருந்தில் கீழே வரும் வரை அவர் வீட்டு அலமாரியில் இருக்கும். அந்த நாட்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட தேதிக்கு ஒரு பத்தியைச் சேர்த்தோம். நகரத்தில் விண்ணப்பித்தவரும் போளூரில் விண்ணப்பித்தவரும் ஒரே வேகத்தில் உதவி பெறுவதாக நாங்கள் எண்ணியிருந்தது பொய் என்று முதல் மாதத்திலேயே தெரிந்தது. இதை நிர்வாகக் குழு ஊர் வாரியாகப் பார்த்தே ஆகவேண்டும். பொதுக்குழு பார்க்கக் கூடாது. ஒரே அறிக்கையால் இருவருக்கும் நியாயம் செய்ய இயலாது.

கொடைக்கானலில் உள்ள நமக்கு இது புதிதல்ல. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. சோதனைச் சாவடியில் நிற்பவருக்கு, தன் முன்னால் நிற்கும் வண்டிக்குப் பாஸ் உண்டா என்பது மட்டும் போதும். மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று முடிவு செய்யும் நீதிமன்றத்துக்கு மொத்த எண்ணிக்கைதான் வேண்டும். யார் வண்டி என்பது வேண்டாம். 2025இல் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்ற வரம்பு வந்தது மொத்த எண்ணிக்கையைப் பற்றிய விவாதத்திலிருந்துதான். தகவல் ஒன்றே, பார்ப்பவருக்கு ஏற்றபடி காட்சி வேறு. முத்தவல்லிமார்கள் 2025இல் உமீத் தளத்தில் வக்ஃபு சொத்துகளைப் பதிவேற்றியபோது, பதிவேற்றுபவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் அளிப்பவர் என்று மூன்று நிலைகள் இருந்ததையும் பார்த்திருப்பார்கள்.

இனி, செய்த முறை.

முதலில் பதிவேட்டை இரண்டாகப் பிரித்தோம். ஒன்றில் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு, விண்ணப்ப எண். மற்றொன்றில் விண்ணப்ப எண், ஊர், உதவி வகை, தொகை, மூன்று தேதிகள் (கையெழுத்திட்டது, அலுவலகம் வந்தது, பணம் சென்றது). இரண்டையும் இணைப்பது விண்ணப்ப எண் மட்டுமே. முதல் ஏட்டைத் திறக்கும் உரிமை அலுவலகத்தில் இருவருக்கு மட்டும் உண்டு. ஒரு விண்ணப்பத்துக்கு ஒரே வரி. மாதத்துக்கு ஒரு தாள் என்று பிரிக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிட வேண்டும்; பன்னிரண்டு தாள்களை ஒழுங்காகக் கூட்டுவது வீண் சிரமம்.

ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்தோம். போளூர், போலூர் என்று தமிழிலேயே இரண்டு வடிவம்; ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் இரண்டு மூன்று. கணினிக்கு அவை தனித்தனி ஊர்கள். வரைபடம் போட்டுப் பார்த்தபோது வேறொரு வேடிக்கையும் நடந்தது. நமது போளூருக்கான புள்ளி திருவண்ணாமலை மாவட்டத்தில் போய் உட்கார்ந்தது! அங்கேயும் ஒரு போளூர் இருக்கிறது, பெரிய ஊர். கூட்டத்தில் ஒருவர் "பஸ் வசதி அங்கே நல்லா இருக்கும், அப்படியே இருக்கட்டும்" என்றார். பெயரோடு அட்சரேகை, தீர்க்கரேகையையும் கொடுத்தபின் புள்ளி மலைக்குத் திரும்பியது.

பதிவு செய்ய முதலில் கூகுள் படிவம் வைத்திருந்தோம். இணையம் இல்லாவிட்டால் அது வேலை செய்யாது; மேல்மலையில் சிக்னல் எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆப்ஷீட் என்ற செயலியில், சிக்னல் இல்லாதபோது பதிந்ததைக் கைப்பேசி வைத்திருந்து, கிடைத்ததும் அனுப்பிவிடும். அதனால் தொண்டர்கள் விண்ணப்பத்தை எழுதிய அன்றே பதிந்துவிடுகிறார்கள். காகிதம் பின்னால் வரட்டும்.

அறிக்கைக்கு லுக்கர் ஸ்டூடியோவைப் பயன்படுத்துகிறோம். டேட்டா ஸ்டூடியோ என்று முன்பு அழைக்கப்பட்டது. 2022இல் பெயர் மாறியது. இதன் அடிப்படைப் பதிப்பு இலவசம். பெரிய நிறுவனங்களில் மைக்ரோசாஃப்டின் பவர் பி.ஐ. அதிகம். அதில் பல அறிக்கைகளை ஒரே செயலியாகக் கட்டி, எந்தக் குழுவுக்கு எந்தப் பக்கம் என்று பிரித்து வழங்கலாம். ஆனால் பொதுவாக, பார்ப்பவருக்கும் கட்டண உரிமம் தேவைப்படும். நம்மைப் போன்ற அறக்கட்டளைக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

மூன்று அறிக்கைகள் செய்தோம். ஊர்த் தொண்டருக்குத் தன் ஊரில் நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் மட்டும், விண்ணப்ப எண்ணோடு. தகவலில் தொண்டரின் மின்னஞ்சலுக்கு ஒரு பத்தி வைத்து, அதைக் கொண்டு வடிகட்டச் சொன்னால், உள்ளே நுழைபவரின் மின்னஞ்சலுக்கு உரிய வரிகளை மட்டும் செயலி காட்டும். நிர்வாகக் குழுவுக்கு எல்லா ஊர்களும், காத்திருந்த நாட்களும், கையிருப்பும், பெயர் இல்லை. பொதுக்குழுவுக்கும் கொடையாளர்களுக்கும் பகுதி வாரியாகக் காலாண்டு எண்ணிக்கையும் தொகையும். இந்த மூன்றாவதற்குத் தனியாக ஒரு தாளில் கூட்டுத்தொகையை மட்டும் எடுத்து, அந்தத் தாளோடுதான் அறிக்கையை இணைத்தோம். முழுப் பதிவேட்டோடு இணைத்துவிட்டு வேண்டாததைக் கண்ணுக்குத் தெரியாமல் வைப்பது போதாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மறைப்பது வேறு, இல்லாமல் செய்வது வேறு. கூகுள் தாளில் ஒரு பக்கத்தை மறைத்துப் பார்வைக்கு மட்டும் என்று பகிர்ந்தாலும், நகலெடுக்கும் அனுமதி இருந்தால், பார்ப்பவர் தனக்கொரு நகல் எடுத்து மறைத்ததைத் திறந்துவிடலாம். எக்செல் பிவட் அட்டவணையை அப்படியே அனுப்பினால், ஓர் எண்ணின் மீது இருமுறை தட்டினால் போதும். அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள வரிகள் புதிய தாளில் வந்து விழும். மூலத் தாளை அழித்துவிட்டு அனுப்பினாலும் பெரும்பாலும் வரும். இதைச் சோதித்துப் பார்த்த அன்று, முந்தைய ஆண்டுகளில் யார் யாருக்கு அப்படிக் கோப்புகளை அனுப்பினோம் என்று தேடுவதிலேயே மாலை போய்விட்டது. பவர் பி.ஐ. வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதிலுள்ள வரி வாரிக் கட்டுப்பாடு, பார்வையாளர் நிலையில் இருப்பவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். பணியிடத்தில் திருத்தும் உரிமை கொடுத்துவிட்டால் அவர் எல்லா வரிகளையும் பார்ப்பார். 'இணையத்தில் வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினால் உலகமே பார்க்கும்.

பகிரும்போது 'இணைப்பு வைத்திருக்கும் எவரும்' என்பதை ஒருபோதும் தேர்ந்தெடுக்க வேண்டாம். தனித்தனி மின்னஞ்சலாகச் சேர்ப்பதைவிட, தொண்டர்கள், நிர்வாகக் குழு என்று கூகுள் குழுக்கள் அமைத்துக் குழுவோடு பகிர்வது எளிது. பொறுப்பிலிருந்து ஒருவர் விலகினால் ஓரிடத்தில் நீக்கினால் போதும். தணிக்கையாளருக்கு எல்லாம் திறந்திருக்க வேண்டும். தணிக்கை முடிந்த அன்றே மூடவும் வேண்டும். எல்லாவற்றின் உரிமையும் அறக்கட்டளையின் கணக்கில் இருக்கட்டும். கணினி தெரிந்த தம்பி ஒருவர் ஆர்வத்தோடு தன் சொந்தக் கணக்கில் செய்து கொடுப்பார், நல்ல பிள்ளைதான். அவர் வேலை கிடைத்து வளைகுடா போனால் அறிக்கையும் விமானம் ஏறிவிடும்.

எவ்வளவு பூட்டினாலும், திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவதை எந்தச் செயலியாலும் தடுக்க முடியாது. எனவே பொதுக்குழு அறிக்கையை, ஊர் முழுக்கப் பரவினாலும் எவருக்கும் தலைகுனிவு வராதபடிதான் அமைத்திருக்கிறோம். அதைத் தாராளமாகப் பகிரலாம். மற்ற இரண்டையும் பகிர்ந்தவரின் அனுமதி ரத்தாகும் என்பது நிர்வாகக் குழுவின் தீர்மானம்.

விண்ணப்பப் படிவத்தையும் மாற்றியிருக்கிறோம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. ஒருவரின் விவரம் எதற்காக வாங்கப்படுகிறது என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி ஒப்புதல் பெறவேண்டும், அந்த ஒப்புதலை அவர் திரும்பப் பெறவும் வழி இருக்கவேண்டும் என்கிறது அது. எங்கள் படிவத்தில் அதற்கு நான்கு வரிகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தொண்டர் வாசித்துக் காட்டுவார். 'உங்கள் பெயரை இன்னார் பார்ப்பார்கள்' என்ற வரியை வாசிக்கும்போது பலர் நிறுத்தி, யார் யார் என்று கேட்கிறார்களாம். நாங்கள் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லாமலே இருந்திருக்கிறோம்.

அந்தச் சகோதரி இன்னும் விண்ணப்பிக்கவில்லை. புதிய அறிக்கையை எடுத்துக்கொண்டு எங்கள் மகளிர் குழுவினர் இருவர் போய், அவரிடமே கொடுத்து, இதில் உங்களைக் கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள் என்று கேட்டார்கள். நெடுநேரம் பார்த்தாராம். அடுத்த காலாண்டு அறிக்கையும் வரட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.