பிறந்த குழந்தைக்கு வேண்டிய பொருள்கள்

விதை விதைப்பதற்கு முன்னே நாற்றங்காலைச் சேறாக்கிச் சமன் செய்யாத உழவர் எவரும் இலர். முளை கட்டிய விதை கைக்கு வந்த பிறகு மண்வெட்டியைத் தேடி ஓடுவது வேளாண்மை ஆகாது என்பதைச் சிற்றாற்றுப் பாசன விவசாயிகளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் வீட்டில் ஒரு குழந்தை பிறக்கப் போகிறது என்னும்போது இந்த முன்யோசனையைப் பல குடும்பங்களில் காண முடிவதில்லை. பேறுகாலம் நெருங்கிய பின்னரே தென்காசிக் கடைத்தெருவுக்கு விரைகிறோம். கண்ணில் பட்டவற்றையெல்லாம் வாங்குகிறோம். முடிவில், வேண்டியது வீட்டில் இல்லை, வேண்டாதது பெட்டி நிறைய இருக்கிறது என்ற நிலையில் குழந்தையை வரவேற்கிறோம். சில வீடுகளில் இச்செலவுக்காகக் கடனும் வாங்கப்படுகிறது.

இது பண விரயம் மட்டும் அன்று. உலகில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிறந்த 28 நாட்களுக்குள்ளேயே இறந்துவிடுகின்றனர். குளிர், ஈரம், அசுத்தம், தவறான உணவு ஆகியவை இந்த நாட்களில் குழந்தைக்குப் பெரும் பகைகள். இவற்றைத் தடுக்க விலை உயர்ந்த பொருள்கள் தேவையில்லை. எவை வேண்டும், எவை வேண்டா, எவற்றை வீட்டிலேயே செய்து கொள்ளலாம், பஞ்சாயத்து ஆற்றத்தக்க பணி யாது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

முதற் பொருள் தாய்ப்பால்

கடையில் வாங்க முடியாத பொருளே பட்டியலில் முதலில் நிற்கிறது. குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைச் சிலர் பீய்ச்சிக் கீழே விட்டுவிடுகின்றனர். இது பெருந்தவறு. நோயை எதிர்க்கும் ஆற்றலை அளிப்பது அச்சீம்பாலே. கன்றுக்குச் சீம்பால் ஊட்டாவிட்டால் கன்று தேறாது என்பதை நன்கறிந்த விவசாயி, தன் வீட்டுக் குழந்தைக்கு அதை மறுப்பது பொருந்துமா?

நம் பகுதியில் குழந்தை பிறந்தவுடன் சேனை வைக்கும் வழக்கம் உண்டு. பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாவில் தொட்டு வைப்பார். அன்பினால் செய்யப்படும் இவ்வழக்கத்தை இனி விட்டுவிடுதல் நலம். தேனில் சில சமயம் இருக்கும் ஒருவகை நுண்ணுயிர், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். பெரியவரின் ஆசி குழந்தையின் தலைமேல் கை வைத்தாலே கிட்டிவிடும்.

முதல் 6 மாதங்களுக்குத் தண்ணீர்கூட வேண்டா; தாய்ப்பாலே போதும். ஆகவே பால் புட்டி நம் பட்டியலில் இடம் பெறவில்லை. புட்டியின் ரப்பர்க் காம்பில் தங்கும் அழுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். இந்திய அரசு 1992-இல் இயற்றிய சட்டம் ஒன்று பால் புட்டிகளுக்கும் தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பால் பொடிகளுக்கும் விளம்பரம் செய்வதையே தடுத்துள்ளது. தாய் வேலைக்குச் செல்ல நேர்ந்தால், பாலைச் சுத்தமான எவர்சில்வர் கிண்ணத்தில் பீய்ச்சி மூடி வைத்து, நான்கு மணி நேரத்திற்குள் பாலாடையினாலோ சங்கினாலோ புகட்டலாம். ஒவ்வொரு முறையும் பாலாடையைக் கழுவிக் கொதிநீரில் இட்டு எடுத்தல் அவசியம்.

துணிகளும் சாரற்காலமும்

பிறந்த குழந்தை ஒரு நாளில் பல தடவை துணியை நனைக்கும். வெயிற்காலத்தில் பன்னிரண்டு துணிகள் இருந்தால் சமாளித்துவிடலாம். ஆனால் தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் வட்டாரத்தின் நிலைமை வேறு. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து நாட்கணக்கில் சாரலைத் தூவுகிறது. அருவிக்கு வருவோருக்கு அது இன்பம். குழந்தை உள்ள வீட்டிலோ கொடியில் போட்ட துணி மறுநாளும் காய்வதில்லை. ஈரத்துணியைக் கட்டினால் குழந்தையின் உடற்சூடு குறையும். தொடை இடுக்கில் புண்ணும் உண்டாகும்.

ஆகவே சாரற்காலத்தில் பிள்ளை பெறும் வீட்டில் இருபத்து நான்கு துணிகளாவது இருக்க வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. எட்டு முழ வேட்டி ஒன்றை நீளவாக்கில் ஆறாகவும் அகலவாக்கில் இரண்டாகவும் வெட்டினால் பன்னிரண்டு சதுரத் துணிகள் கிடைக்கும். பழைய பருத்தி வேட்டிகள் இரண்டு போதும். பல முறை துவைத்து மென்மையான வேட்டி, புதுத்துணியைவிட ஈரத்தை நன்கு உறிஞ்சும். வெட்டிய துணிகளைச் சோப்பிட்டுத் துவைத்து, கொதிநீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, பேறுகாலத்திற்கு முன்பே மூட்டை கட்டி வைத்தல் வேண்டும்.

சாரல் நாட்களில் வீட்டிற்குள் காற்றோட்டமான இடத்தில் கொடி கட்டி உலர்த்தி, பிறகு இஸ்திரி போட்டு எஞ்சிய ஈரத்தை நீக்கலாம். அடுப்புப் புகையிலோ சாம்பிராணிப் புகையிலோ துணியைக் காய வைத்தல் கூடாது. குளித்த குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டும் வழக்கமும் அவ்வாறே தீங்கானது. புகை எதுவாயினும் குழந்தையின் நுரையீரலுக்கு அது பகை.

இவற்றோடு முன்புறம் முடிச்சிடும் பருத்திச் சட்டைகள் ஆறு, தலைக்குல்லாய் இரண்டு, காலுறை இரண்டு சோடி, போர்த்தும் துண்டுகள் மூன்று ஆகியவை இருந்தால் போதுமானது. குழந்தையின் பாதத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அது குளிர்ந்திருப்பின் இன்னும் ஓர் ஆடை வேண்டும். எடை 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தையை, தாயின் வெற்று மார்போடு அணைத்துத் துணியால் கட்டி வைத்தல் சிறந்த முறை. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1970-களின் இறுதியில் மருத்துவர்கள் தொடங்கிய இம்முறை, இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுகிறது. இதற்கு வேண்டிய கருவி ஒரு துணியே; அதைத் தந்தையும் கட்டிக் கொள்ளலாம்.

படுக்கை, தொட்டில், கொசுவலை

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். படுக்கை சமமாகவும் சற்று உறுதியாகவும் இருத்தல் நலம். பாயின்மேல் மடித்து விரித்த பருத்திப் புடவையே போதும். தலையணையும் பஞ்சு பொம்மைகளும் முகத்தை மூடிவிடக் கூடுமாதலால் அவை வேண்டா.

சேலைத் தொட்டில் நம் வீடுகளின் செல்வம். எனினும் அதில் சில எச்சரிக்கைகள் உண்டு. உத்திரமும் கயிறும் உறுதியானவையா எனப் பார்த்தல் வேண்டும். சேலை இரு பக்கமும் சேர்ந்து முகத்தை மூடாதபடி நடுவே தொட்டிற் கட்டை பொருத்த வேண்டும். தொட்டிலின் அடி தரையிலிருந்து அதிக உயரத்தில் இருத்தல் ஆகாது. குழந்தையின் மோவாய் மார்பில் அழுந்தினால் மூச்சு தடைப்படும். ஆகையால் யாரேனும் அருகில் இருக்கும்போது மட்டுமே தொட்டிலில் இட வேண்டும்.

கொசுவலை ஆடம்பரம் அன்று, அவசியம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. குழந்தையோ பகலிலும் உறங்குவது. எனவே குடை போன்று விரியும் சிறு வலையைப் பகலிலும் பயன்படுத்த வேண்டும். கொசுவர்த்திச் சுருளின் புகை வலைக்கு ஈடாகாது.

நீராட்டும் பொருள்கள்

பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டியதில்லை; துடைத்துப் போர்த்தினால் போதும். பின்னர் ஒரு பெரிய பேசின், வெந்நீர், மென்மையான சோப்பு, சிறிது தேங்காய் எண்ணெய், உலர்ந்த துண்டு ஆகியவை வேண்டும். நீரின் சூட்டை முழங்கையால் பார்த்துக் கொள்க. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல், வாயில் விரலிட்டுச் சளி எடுத்தல் ஆகியவற்றை அறவே நிறுத்த வேண்டும். தொப்புள் கொடியின் மேல் சாம்பலோ மஞ்சளோ எண்ணெயோ பூசாமல் உலர விடுதலே முறை. முகப்பவுடரின் தூள் மூச்சோடு உட்செல்லும். அதை வாங்க வேண்டா. கடையில் விற்கும் கண்மை சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதுண்டு, அதையும் தவிர்க்க. கழுத்தில் இறுகக்கூடிய கயிறும் மணியும் ஆபத்தானவை.

நகவெட்டி ஒன்றும் உடல் வெப்பமானி ஒன்றும் சிறு செலவில் பெரும் பயன் தருபவை. குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் இயல்பு. அதற்கு மிகினும் குறையினும் மருத்துவரை நாட வேண்டும். பால் குடிக்க மறுத்தல், நிமிடத்திற்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குதல், வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல் ஆகியவை காணப்பட்டால் கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் 108 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லி ஆம்புலன்சை வரவழைக்க வேண்டும்.

பீடி சுற்றும் வீடுகள்

கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் வட்டாரங்களில் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்குகின்றனர். மடியில் சுளகும் அருகில் குழந்தையும் என்ற காட்சி நமக்குப் புதிதன்று. புகையிலைத் தூசி காற்றில் பரவும். கையிலும் சேலையிலும் ஒட்டும். அங்கிருந்து குழந்தையின் வாய்க்கும் மூக்கிற்கும் செல்லும். தொழிலை விட்டுவிடுமாறு கூறுவது எளிது. அவ்வூதியத்தை எதிர்பார்த்திருக்கும் வீட்டுக்கு அச்சொல் உதவாது. ஆகவே செய்யக்கூடியவற்றைக் கூறுகிறோம். பீடி சுற்றும் இடம் வேறு, குழந்தை உறங்கும் இடம் வேறு என ஒதுக்குக. தொழில் செய்யும்போது மேலே ஒரு பழைய சட்டையை அணிந்து, எழும்போது அதைக் கழற்றி வெளியே மாட்டுக. சோப்பிட்டுக் கைகழுவிய பின்னரே குழந்தையைத் தொடுக. புகையிலையும் இலையும் குழந்தை உறங்கும் அறையில் இருத்தல் ஆகாது. கைகழுவும் சோப்பும் அப்பழைய சட்டையும் இவ்வீடுகளில் குழந்தைக்குரிய பொருள்களாகவே எண்ணத்தக்கவை. தாய்ப்பாலை மட்டும் எக்காரணத்தாலும் நிறுத்த வேண்டா.

அரசு தந்த பெட்டகங்கள்

ஐரோப்பாவிலுள்ள பின்லாந்து நாடு 1938-ஆம் ஆண்டில் ஏழைத் தாய்மார்களுக்குக் குழந்தைத் துணிகள் அடங்கிய பெட்டி ஒன்றை வழங்கத் தொடங்கியது. 1949 முதல் அஃது எல்லாத் தாய்மார்களுக்கும் உரியதாயிற்று. கருவுற்ற தாய் குறித்த காலத்திற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பதே அதற்கு நிபந்தனை. பொருளைக் காட்டித் தாயை மருத்துவத்தின்பால் ஈர்த்த அந்நாட்டின் நுட்பம் கருதத்தக்கது. பொருள்களை எடுத்தபின் அப்பெட்டியே குழந்தைக்குப் படுக்கையாயிற்று.

தமிழ்நாட்டிலும் 2015-ஆம் ஆண்டில் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கென 16 பொருள்கள் கொண்ட பெட்டகம் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, நகவெட்டி, கிலுகிலுப்பை முதலியவற்றோடு, தாய்க்குக் கைகழுவும் சோப்பு நீரும் சௌபாக்கிய சுண்டி இலேகியமும் அதில் இடம் பெற்றிருந்தன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-இல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம், 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ளதாக உயர்த்தப்பட்டது. இப்போது கிடைக்கும் உதவிகளையும் அவற்றிற்குரிய நிபந்தனைகளையும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கருவுற்ற தொடக்கத்திலேயே கேட்டுப் பதிந்து கொள்ள வேண்டும்.

இரண்டு தாள்களும் குழந்தையின் உடைமைகளே. ஒன்று, தடுப்பூசி விவரமும் எடையும் குறிக்கப்படும் தாய் சேய் நல அட்டை. பிறந்தவுடனும், பின்னர் 6, 10, 14 ஆகிய வாரங்களிலும் தடுப்பூசி தவறக் கூடாது. மற்றொன்று பிறப்புச் சான்றிதழ். 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்தால் கட்டணம் இல்லை.

பஞ்சாயத்தின் கடமை

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஆற்றத்தக்க பணிகள் பல. அங்கன்வாடியின் எடைக்கருவி சரியாக இயங்குகிறதா என்று பார்க்கலாம். சாக்கடையிலும் தேங்கிய நீரிலும் கொசு பெருகாமல் தடுக்கலாம். குடிநீரில் முறையாகக் குளோரின் கலக்கச் செய்யலாம். சாரற்காலத்தில் சமுதாயக் கூடத்தின் ஒரு பகுதியில் குழந்தைத் துணிகளை உலர்த்த இடம் ஒதுக்கலாம். ஆகஸ்டு முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். அதனை அடுத்து ஆகஸ்டு 15-இல் கிராமசபை கூடுகிறது. அவ்வூரில் அடுத்த மூன்று மாதங்களில் பேறுகாலம் உள்ள வீடுகளுக்குத் துணி மூட்டையும் கொசுவலையும் ஆயத்தமா என்று அச்சபை விசாரிக்குமாயின், அது சாலைப் பணிக்குச் சற்றும் குறைந்த பணி ஆகாது.

விவசாயப் பெருமக்களே! இரண்டு பழைய வேட்டிகள், ஒரு பேசின், ஒரு கொசுவலை, ஒரு சோப்பு, ஒரு வெப்பமானி. இவற்றோடு தாயின் பாலும் தந்தையின் கவனமும் இருந்தால் குழந்தையின் முதல் மாதங்கள் நலமாய்க் கழியும். எஞ்சிய பணத்தைத் தாயின் உணவுக்குச் செலவிடுங்கள். கீரையும் முட்டையும் பருப்பும் பாலும் அவள் தட்டில் சேர்ந்தால், அது குழந்தைக்கு வாங்கிய பொருளே ஆகும். எட்டாம் மாதம் பிறக்கும்போதே மூட்டையைக் கட்டி வையுங்கள். சாரல் எப்போது தொடங்கும் என்று நமக்குத் தெரியாமல் இருக்கலாம். குழந்தை வரும் மாதம் நமக்குத் தெரியுமன்றோ!